நின்ற தறிக்கு ஒரு பிணம்!

தலையை மூடியிருந்த கோணிச் சாக்கை உருவினார்கள்.

டாக்டர் செவ்வந்தி கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது ஒரு பிணத்தை.

இரண்டாவதாகப் பார்த்தது, அந்தப் பிணத்தின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பை!

அன்று காலை சரவணம்பட்டியில், தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில், காரிலிருந்து கையில் இட்லி டப்பாவோடு இறங்கினாள். ஒரு வேன் வந்தது. இட்லி டப்பா வாசலில் கிடந்தது. இதய நோய் டாக்டர் வேனில் கிடந்தாள்.

இப்போது இங்கே.

"இ... இது யாரு?"

"உங்களுக்கு முன்னாடி பாத்த டாக்டருங்க. சாய்சரண்னு பேருங்க."

சொன்னவன் ஆதர்ஷ். முப்பது வயது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கையிலிருந்த அரிவாளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி.

"இவரு என்ன செஞ்சாரு?"

"எங்க அத்தைக்கு வெறும் சளின்னு சொல்லிப்போட்டாருங்க. ஒரு மாசமா அத்தைக்கு மூச்சு முட்டுது. இன்னைக்குக் காலைல மறுபடி வந்தாரு. வாசல்லயே முடிச்சுப்போட்டேனுங்க."

"ஐயோ...!"

"கத்துங்க, தாராளமா கத்துங்க. ஒண்ணும் கேக்காதுங்க!"

கேட்காதுதான். அது ஒரு விசைத்தறி ஷெட். சுற்றிலும் தறிகள் 'டடக்... டடக்... டடக்...' என்று பேய் பிடித்தது போல ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் நூல் இல்லை. துணி இல்லை. சத்தத்துக்காக மட்டும் ஓடும் தறிகள்!

செவ்வந்தி கருமத்தம்பட்டியில் தறிக் கூலிக்காரரின் வீட்டில் பிறந்து, இதே சத்தத்தில் தூங்கி, இதே சத்தத்தில் படித்து டாக்டரானவள். ஜன்னல் வழியே தெரிந்த தெருவைப் பார்த்ததும், சொந்த ஊருக்கே கடத்தி வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. அவர்களுக்குத்தான் அது தெரியாது.

"அந்தப் புள்ளைய... இங்க... கூட்டியாடா..."

மூலையிலிருந்து ஒரு குரல். மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு.

ராமாமணி!

உக்கடத்தில் ஆரம்பித்து அவிநாசி ரோடு முடிய அவளிடம் கேட்காமல் எவனும் எவனையும் வெட்டுவதில்லை. ஒருமுறை அவள் முறைத்ததில் நின்றுபோன சுவர்க் கடிகாரம் உக்கடத்து டீக்கடை ஒன்றில் இன்னும் நிற்கிறது. சாவி கொடுத்தால் தலையை ஆட்டி மறுத்துவிடுகிறதாம்.

அந்த ராமாமணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் ஊறிப்போன பஞ்சு மூட்டை மாதிரி. மடியில் ஒரு அரிவாள்.

"படுத்துத் தூங்கி... ஒரு மாசமாச்சு அம்மணி. படுத்தா... நெஞ்சு மேல யாரோ... ஏறி உக்காந்த மாதிரி இருக்குது. நான் எத்தன பேரு நெஞ்சு மேல... ஏறி உக்காந்திருப்பேன்... எல்லாவனும் இப்ப சேந்து வந்துட்டானுகளோ என்னமோ..."

"உக்காந்தா சரியாயிருதுங்களா?"

"ஆமா கண்ணு..."

பக்கத்தில் மலை மாதிரி நின்ற சசிதர் என்ற அடியாள் ஆறுதலாகச் சொன்னான்:

"அக்கா கொஞ்சம் சதை போட்டுட்டீங்க. அதான்."

சரக்!

மடியிலிருந்த அரிவாள் ஒருமுறை எழுந்து மறுபடி மடிக்கே திரும்பியது. சசிதரின் வலது காது தரையில் கிடந்தது. இடது காதை அவன் போன வருஷமே வேறொரு ஆறுதல் சொல்லி இழந்திருந்தான். இப்போது இரண்டு பக்கமும் சமம்!

ராமாமணிக்கு அதற்கே மூச்சு இரைத்தது. வெகுநேரம் இரைத்தது.

"பாத்தியா கண்ணு... ஒரு காத அறுக்கறதுக்கே... இப்படி வாங்குது. தொழில் பண்ண முடியல. கொணப்படுத்து. நான் செத்தா... நீயும் சாவே."

"பொழச்சா?"

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தபடி ஆதர்ஷ் சிரித்தான்.

அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டவளை எந்தக் கூட்டம் உயிரோடு அனுப்பும்? ராமாமணி செத்தாலும் சாவு. பிழைத்தாலும் சாவு. ஆனாலும் செவ்வந்தியின் கை தானாக நோயாளியின் காலை நோக்கிப் போனது. பழக்கம்!

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

கழுத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தும் நரம்பு புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது.

"ராத்திரி திடீர்னு மூச்சு முட்டி முழிப்பு வருதுங்களா?"

"வருது..."

"மாடி ஏறினா?"

"நான் எதுக்கு ஏறோணும்... எறங்கி வரச் சொல்லுவேன்..."

செவ்வந்தி நிமிர்ந்தாள். உடனே ஆதர்ஷ் பணிவாகக் கையை நீட்டினான்.

"டாக்டரம்மா, கொஞ்சம் வெளிய வாங்க. என்னன்னு என்கிட்டச் சொல்லுங்க. பாவம், அத்தைக்கு எதுக்கு? பயந்துக்குவாங்க."

நம் ஊர் டாக்டர்களின் வழக்கம் அது. நோய் ஒருத்தருக்கு; சேதி வேறொருத்தருக்கு. உறவுக்காரரை வெளியே கூப்பிட்டு, வராந்தாவில் வைத்துக் குசுகுசுவென்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து நோயாளியிடம் "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சிரிப்பார்கள்.

செவ்வந்தி நகரவில்லை.

"நோயி அவங்களுக்குத்தானுங்க. அவங்ககிட்டயே சொல்லிர்றேன்."

ஆதர்ஷின் சிரிப்பு ஒரு இழை அறுந்தது.

"அம்மா, உங்களுக்குச் சளி இல்லீங்க. இது ஹார்ட் ஃபெயிலியர்."

"அக்காஆஆ!" என்று சசிதர் தரையில் விழுந்து புரண்டு அழுதான். "போயிட்டீங்களா அக்கா!"

"பேசிட்டுத்தானடா இருக்கறேன்... நாயே..."

"இதயம் நின்னுபோச்சுன்னு அர்த்தமில்லீங்க," என்றாள் செவ்வந்தி. "ஓடுது. ஆனா தெம்பில்லாம ஓடுது. தோட்டத்து மோட்டாரு சத்தம் போட்டு ஓடும், ஆனா தண்ணி மேட்டுக்கு ஏறாது பாருங்க, அது மாதிரி. ஏறாத தண்ணி கால்ல தேங்கும். நுரையீரல்ல தேங்கும். அதுதான் மூச்சு முட்டுது. மொதல்ல அந்தத் தண்ணிய எறக்கோணும். ஊசி வேணும்."

"அந்தாளு பையில என்ன இருக்குதோ அதவெச்சுப் பாத்துக்கோங்க," என்று பிணத்தின் அருகே கிடந்த தோல் பையை ஆதர்ஷ் காலால் தள்ளினான்.

செவ்வந்தி பையைத் திறந்தாள்.

கை நின்றது.

சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஃப்ரூஸிமைடு! உடம்பில் தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து. பக்கத்திலேயே புது ஊசிகள். எல்லாம் அன்று காலை வாங்கியவை போலப் பளபளத்தன.

சளி என்று நினைத்த டாக்டர் இதை ஏன் கொண்டுவர வேண்டும்?

செவ்வந்தி பிணத்தின் முகத்தைப் பார்த்தாள். சாய்சரணின் கண்கள் பாதி திறந்திருந்தன.

'உங்களுக்குத் தெரியும்... நோய் என்னன்னு உங்களுக்குத் தெரியும்! அப்படின்னா சளின்னு சொன்னது யாரு?'

"அது என்ன ஊசிங்க?" ஆதர்ஷ் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"ஒண்ணுக்குப் போற ஊசி."

கை நரம்பைத் தேடி, குத்தி, மெதுவாக மருந்தை இறக்கினாள்.

அரைமணி ஆகவில்லை. ராமாமணி எழுந்தாள். சசிதர் தாங்கிக்கொண்டு போனான். வந்தாள். உட்கார்வதற்குள் மறுபடி போனாள். நாலாவது தடவை திரும்பி வந்தபோது, சசிதரின் கொள்ளுத் தாத்தாவில் தொடங்கி அவனுக்கு இனிமேல் பிறக்கப்போகும் பேரன் வரைக்கும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை.

மருந்து வேலை செய்கிறது!

"அட! கெட்டிக்காரியா இருக்கறியே அம்மணி!"

"இது இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானுங்க. அப்புறம் எக்கோ எடுத்துப் பாக்கோணும். மாத்திரை போடோணும். உப்பக் கொறைக்கோணும், தண்ணி அளந்து குடிக்கோணும், தினமும் காலைல எடை பாக்கோணும். எடை மளமளன்னு ஏறுச்சுன்னா தண்ணி சேருதுன்னு அர்த்தம். இப்ப என்னங்க சாப்பிட்டுட்டு இருக்கறீங்க?"

"எல்லாம் என் அண்ணன் மகன் கைல குடுக்கறதுதான். பாசக்காரன் கண்ணு! சளிக்கு நல்லதுன்னு உப்புப் போட்ட சுடுதண்ணி, சொம்பு சொம்பாக் குடுப்பான். வாய்க்கு ருசியா ஊறுகா. முட்டி வலிக்குதுன்னா உடனே வலி மாத்திரை. தினம் மூணு."

செவ்வந்தி விரல் விட்டு எண்ணினாள்.

உப்பு. தண்ணீர். வலி மாத்திரை. இந்த நோய்க்கு ஆகாதவை எவையோ அத்தனையும்! ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. இப்படித் தேடித்தேடிக் கொடுக்கிறவன் ஒன்று அடிமுட்டாளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால்... எதெல்லாம் ஆகாது என்று ஒரு டாக்டரை வராந்தாவில் நிறுத்தி வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவனாக இருக்க வேண்டும்!

சாய்சரண் போன மாதமே நோயைக் கண்டுபிடித்திருக்கிறார். வழக்கப்படி உறவுக்காரனை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். உறவுக்காரன் உள்ளே வந்து அத்தையிடம், "சளியாமுங்க அத்தே" என்றிருக்கிறான். இன்று காலை, இன்னும் ஏன் மருந்து வாங்க ஆள் வரவில்லை என்று மனசு கேட்காமல் ஊசியோடு கிளம்பி வந்த மனுஷன், வாசலைத் தாண்டவில்லை!

"என்னங்க டாக்டரம்மா யோசனை?"

ஆதர்ஷ் அவளை ஒரு தறிக்குப் பின்னால் இழுத்துப் போனான். அரிவாளின் முனை விலா எலும்பில் உட்கார்ந்தது. குரலில் மட்டும் தேன்.

"அத்தை உடனே வேற டாக்டரக் கூட்டியான்னு சொல்லிப்போட்டாங்க, இல்லீன்னா உங்களுக்குச் சிரமம் குடுத்திருக்க மாட்டேனுங்க. இன்னொரு ஊசி போடாதீங்க. அத்தை சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரோணும். பொழச்சாங்கன்னு வைங்க, உங்க கழுத்த அறுத்துப்போடுவேனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"செத்தா அவங்க ஆளுக வெட்டுவாங்களே?"

"அப்ப அவங்க ஆளுக எல்லாம் என் ஆளுகதானுங்க!"

செவ்வந்தி நாற்காலிக்குத் திரும்பினாள். ஒரே ஒரு வழிதான் இருந்தது.

பிணத்தின் கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். ராமாமணியின் முதுகுப் பக்கம் குனிந்தாள். முதுகில் ஸ்டெதாஸ்கோப். காதருகே உதடு. தறிச் சத்தத்துக்குள் தனக்கே கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். குப்பிகள். உப்புத் தண்ணீர். வலி மாத்திரை. தறிக்குப் பின்னால் பேசிய பேச்சு.

ராமாமணியின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"வேற என்ன செய்யோணும் கண்ணு?" என்றாள் உரக்க.

"நெஞ்சுச் சத்தம் கேக்கோணுமுங்க. இந்த இரைச்சல்ல ஒண்ணுமே கேக்கல. தறிய நிறுத்தச் சொல்லுங்க. ஒண்ணொண்ணா வேண்டாம். தறி லைனோட மெயினையே ஆஃப் பண்ணச் சொல்லுங்க!"

"நிறுத்த முடியாதுங்க!" ஆதர்ஷ் பதறினான். "வெளிய சத்தம் கேக்கும்..."

"நிறுத்துடா!"

சசிதர் தறிகளுக்கான மெயின் சுவிட்சை இறக்கினான்.

எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன.

அமைதி... காது வலிக்கிற அமைதி!

செவ்வந்தி நெஞ்சில் வைத்துக் கேட்டாள். நல்ல இதயம் 'லப்-டப்' என்று இரண்டு அடி அடிக்கும். இது மூன்று அடித்தது. 'த-த-டப்... த-த-டப்...' களைத்த குதிரை ஒன்று மேட்டில் ஓடுவது போல! சந்தேகமே இல்லை. ஹார்ட் ஃபெயிலியர்தான்.

ஆனால் அவள் காது அதற்காக மட்டும் திறந்திருக்கவில்லை.

பக்கத்து ஷெட்டில் தறிச் சத்தம் நின்றது.

எதிர் ஷெட்டில் நின்றது.

அதற்கடுத்தது... அதற்குமடுத்தது... தெரு முழுக்க, ஒவ்வொன்றாக, தறிகள் மூச்சை நிறுத்தின!

"எ... என்னங்க இது?" ஆதர்ஷ் ஜன்னலுக்கு ஓடினான். "கரண்ட் போச்சா?"

கரண்ட் இருந்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

தறி பழுதானால் ஒன்று நிற்கும். பட்டப்பகலில், கரண்ட் இருக்கும்போது, ஒரு ஷெட்டின் தறிகள் மொத்தமும் ஒரே நேரத்தில் நின்றால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே பொருள்தான். அங்கே சாவு விழுந்திருக்கிறது! தெரிந்ததும் தெருவே தறியை நிறுத்தும். அப்புறம் மாலையோடு கிளம்பி வரும். கிளம்பிவிட்டது!

டக்! டக்! டக்!

"ஏனுங்க! ஊட்டுல யாருங்க? யாரு போயிட்டாங்க?" பக்கத்து ஷெட் பழனியாத்தாளின் குரல்.

ஆதர்ஷின் அரிவாள் செவ்வந்தியின் தொண்டைக்கு வந்தது. "கத்துனா தலை இருக்காதுங்க!"

டக்! டக்! "சங்குக்காரரு வந்துட்டாருங்க! கதவத் தொறங்க!"

ஆதர்ஷ் சுற்றிலும் பார்த்தான். அரிவாள் வெட்டோடு ஒரு பிணம். காதில்லாமல் ஒரு அடியாள். கடத்தி வந்த டாக்டர். வெளியே ஒரு தெரு ஜனம். சாவு முகம் பார்க்காமல் அவர்கள் போகப்போவதில்லை.

திடீரென்று அவன் முகம் மலர்ந்தது.

"அத்தே! கொஞ்ச நேரம் செத்திருங்க!"

"என்னது?"

"சும்மா செத்த மாதிரி படுத்துக்கோங்க. பாத்துட்டு, மாலையப் போட்டுட்டுப் போயிருவாங்க. அவ்வளவுதானுங்க!"

"மல்லாக்கப் படுக்க வெக்காதீங்க!" செவ்வந்தி அலறினாள். "படுத்தா கால்ல இருக்கற தண்ணியெல்லாம் நெஞ்சுக்கு ஏறும்! மூச்சு நின்னுரும்!"

"அப்படிங்களா?" என்றான் ஆதர்ஷ்.

அவனுக்குத் தெரியும் என்பது அந்த 'அப்படிங்களா'விலேயே தெரிந்தது. ஒரு தெருவே சாட்சி நிற்க, ஒரு சொட்டு ரத்தமில்லாத கொலை!

ராமாமணி செவ்வந்தியை ஒருமுறை பார்த்தாள். பிறகு மடியைச் சேலையோடு அள்ளிப் பிடித்தபடி மூலையில் கிடந்த கட்டிலுக்குப் போய்ப் படுத்தாள். சாய்சரணைக் கட்டிலுக்கு அடியில் உருட்டித் தள்ளினார்கள். வெள்ளை வேட்டியால் ராமாமணியை முகம்வரை மூடினார்கள். சசிதர் தலையில் துண்டைக் கட்டிக் காதில்லாததை மறைத்துக்கொண்டு, செவ்வந்தியின் முதுகில் கத்தியை வைத்துத் தலைமாட்டில் முக்காட்டோடு உட்கார வைத்தான்.

"நீங்க மகளுங்க. அழுங்க!"

செவ்வந்திக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கதவு திறந்தது. ஜனம் நுழைந்தது. முன்னால் மாலையோடு பழனியாத்தாள், பின்னால் சங்குக்காரர்.

"அடக் கடவுளே! குடி வந்து ரெண்டு மாசங்கூட ஆகலயே. என்னங்க ஆச்சு?"

"நெஞ்சு வலிங்க!" ஆதர்ஷ் கதறினான். "அத்தே! என்ன உட்டுட்டுப் போயிட்டீங்களே அத்தே!"

கதறிக்கொண்டே கட்டில் மேல் விழுந்தான். மூடிய முகத்தின் மேல் தன் நெஞ்சை வைத்து அழுத்தினான். இன்னும் அழுத்தினான்...

வேட்டி மூக்கருகே உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது. மெதுவாக... இன்னும் மெதுவாக...

செவ்வந்தி வாயைத் திறந்தாள். கத்தியின் முனை முதுகுத் தோலைக் கிழித்தது.

வேட்டி உள்ளே போனது.

வெளியே வரவில்லை.

"பாவம், எத்தன பாசம் பாரு!" என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அப்போது...

சரக்!

வேட்டியைக் கிழித்துக்கொண்டு அரிவாள் ஒன்று ஆதர்ஷின் வயிற்றுக்குள் ஏறியது. வெள்ளைச் சட்டையின் முதுகில் அதன் முனை எட்டிப் பார்த்தது!

பிணம் எழுந்து உட்கார்ந்தது. வாயில் இளஞ்சிவப்பு நுரை. கண்ணில் நெருப்பு.

"எனக்கு... உப்புத் தண்ணியா... குடுத்தே...?"

ஒரு திருகு திருகி அரிவாளை உருவினாள். ஆதர்ஷ் எதையோ மரியாதையாகச் சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. வயிற்றைப் பிடித்தபடி கட்டிலடியில் சரிந்தான், சாய்சரணுக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக.

சங்குக்காரர் பயத்தில் மூச்சை விட்டார். அது சங்குக்குள் போய் நீளமாக ஊதியது!

அந்தத் திகைப்பில் சசிதரின் கத்தி ஒரு விரல் அளவு நகர்ந்தது. செவ்வந்தி முழங்கையால் அவன் வெட்டுப்பட்ட காதுப் பக்கம் ஓங்கிக் குத்தினாள்.

"ஆஆஆ!"

"பழனியாத்தாக்கா, இவங்க என்னக் கடத்திட்டு வந்துட்டாங்க! நான் தறிக்கார அங்கப்பன் மக!"

"நம்ம அங்கப்பன் புள்ளயா!"

பழனியாத்தாள் மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையால் தறியோரம் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தாள். தறி ஓட்டி ஓட்டி உரமேறிய கை! ஒரே அடி. சசிதரின் தாடை திசை மாறியது. மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது. அவனை வாசலுக்கு இழுத்துப் போனபோது, அவனிடம் காதைத் தவிர வேறு பலவும் குறைந்திருந்தன.

கட்டிலில் ராமாமணி மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலம்.

ஓடிவிடலாம். கதவு திறந்திருக்கிறது. சுற்றிலும் சொந்த ஜனம்.

செவ்வந்தி பையை இழுத்தாள். இன்னொரு குப்பியை உடைத்தாள்.

"காலத் தொங்கப்போட்டு உக்காருங்க! நிமிந்து! யாராச்சும் ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க, போலீஸையும் கூப்பிடுங்க!"

ஊசி இறங்கியது. கொஞ்சங்கொஞ்சமாக மூச்சும் இறங்கியது. ராமாமணி அரிவாளைத் தரையில் போட்டாள்.

"ஏன் அம்மணி காப்பாத்துனே? பொழச்சா உன்னை வெட்டறதாத்தான் இருந்தேன்."

"தெரியுமுங்க."

"இந்த மருந்தெல்லாம் எத்தன நாளைக்கு?"

"ஆயுசு பூராவுமுங்க. மாசா மாசம் டாக்டரப் பாக்கோணும்."

ராமாமணி தரையில் கிடந்த அரிவாளைப் பார்த்தாள்.

"அப்ப உன்னை எந்த மாசந்தான் வெட்டறது?"

வெளியே போலீஸ் ஜீப் வந்து நின்றது. கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்த பழனியாத்தாள் நிமிர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மாலையைப் பார்த்தாள்.

"ஏனுங்க சங்குக்காரரே, திரும்பி வாங்க! தறிய நிறுத்துனது ஒரு சாவுக்கு... உள்ள ரெண்டு இருக்குது. இன்னொரு மாலைக்குச் சொல்லியுடுங்க!"